கேரவன் இருட்டாகாமல் இருக்க: பேட்டரியைக் கூட்டுவதா, சார்ஜைக் கூட்டுவதா?

மின் இணைப்பு இல்லாத இடத்தில் நாலைந்து நாள் தங்கலாம் என்று கேரவனை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பேட்டரி போடலாம்?" என்பதைத்தான். நானும் அதையே கேட்டேன். வண்டியோடு வந்த 100 ஆம்பியர்-மணி பேட்டரி முதல் இரவு விடிவதற்குள் படுத்துவிட்டது. பக்கத்தில் அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்தேன். அடுத்த பயணத்தில் இரண்டாம் இரவு படுத்தது. அவ்வளவுதான் வித்தியாசம். முப்பது கிலோவைக் கூடுதலாகச் சுமந்து போய், இருட்டை ஒரு நாள் தள்ளிவைத்திருந்தேன்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். நான் சட்டியைப் பெரிதாக்கினேனே தவிர, அதற்குள் தினமும் என்ன விழுகிறது, என்ன போகிறது என்று பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அந்த இரண்டாவது பேட்டரியை வாங்கியிருக்க மாட்டேன்.

கையில் இருக்கிற தொகையை எதில் போடுவது? கூடுதல் ஈயப் பேட்டரியா, லித்தியமா, சோலாரா, ஜெனரேட்டரா, ஓடும்போது இன்ஜினிலிருந்து இழுக்கும் சார்ஜரா, தூக்கிக்கொண்டு போகிற பவர் ஸ்டேஷனா? ஒவ்வொன்றுக்கும் அது பொருந்துகிற ஆள் இருக்கிறார். எனக்குச் சரிப்பட்டது உங்களுக்கும் சரிப்படும் என்று சொல்ல மாட்டேன். கணக்குப் போடும் முறை மட்டும் எல்லாருக்கும் ஒன்று.

செலவை எண்ணாமல் எதையும் வாங்க வேண்டாம்

பேட்டரி மேல் "ஏஎச்" என்று போட்டிருப்பதுதான் ஆம்பியர்-மணி. 12 வோல்ட் பேட்டரியில் 100 ஏஎச் என்றால் ஏறக்குறைய 1200 வாட்-மணி, வீட்டு மீட்டர் கணக்கில் 1.2 யூனிட். ஒரு 2000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினாலே 1 யூனிட் போய்விடும். இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் நாம் யோசிக்காமல் சுவிட்ச் போடுகிற அளவு, கேரவனில் ஒரு நாள் வாழ்க்கை.

என் வண்டியின் கோடைக்காலக் கணக்கு இது. கம்ப்ரசர் வைத்த 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட் இழுக்கும். நாளில் 40 சதவீத நேரம் ஓடுகிறது என்று வைத்தால் 36 ஏஎச். கூரையில் உள்ள காற்றோட்ட ஃபேன் 2 ஆம்பியர். இரவு எட்டு மணி நேரத்துக்கு 16. எல்இடி விளக்குகள் எல்லாம் சேர்த்தும் 5. போன்கள், ஒரு லேப்டாப் 8. தண்ணீர் பம்ப் ஓடும்போது 6 ஆம்பியர் வரை இழுத்தாலும் நாளில் கால் மணி நேரம்தான் ஓடுகிறது, ஒன்றரையோடு நின்றுவிடும். கேஸ் கசிவு அலாரம், ஸ்டீரியோவின் கடிகாரம் போன்று தூங்காமல் விழித்திருக்கிற சில்லறைகள் சேர்ந்து 10. ஆக, நாளுக்கு 76 ஏஎச்.

குளிர்காலத்தில் இந்தக் கணக்கு மாறும். கேஸ் ஹீட்டர் கேஸில்தான் எரிகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். அதன் காற்றைத் தள்ளுகிற ஃபேன் 7, 8 ஆம்பியர் இழுக்கும். இரவில் ஆறு மணி நேரம் ஓடினால் 45 ஏஎச். பேட்டரி இறங்கியதும் ஃபேன் நிற்கும். ஃபேன் நின்றால் ஹீட்டரும் அணையும். குளிரில் எழுந்து உட்கார்ந்தால்தான் கேஸ் சிலிண்டர் நிறைய இருந்தும் பயனில்லை என்பது புரியும்.

சரி, 76 என்றால் என் இரண்டு பேட்டரி ஏன் இரண்டாம் இரவே படுத்தது? அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆனது. குற்றவாளி, பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றுகிற இன்வெர்ட்டர். 2000 வாட் இன்வெர்ட்டரில் எதையுமே செருகாவிட்டாலும், சுவிட்ச் போட்டிருந்தால் அது தனக்கென்று 15, 20 வாட் எடுத்துக்கொள்ளும். 24 மணி நேரத்துக்கு 30 முதல் 40 ஏஎச். ஃபிரிட்ஜுக்குச் சமமான தீனி! போன் சார்ஜ் போட வசதியாக இருக்கட்டும் என்று நான் அதை அணைப்பதே இல்லை. போனுக்கு 12 வோல்ட் யுஎஸ்பி பாயின்ட் மாட்டி, இன்வெர்ட்டரைத் தேவைக்கு மட்டும் போடத் தொடங்கியதும், ஒரு பைசா பேட்டரிக்குச் செலவழிக்காமல் நாளுக்கு 35 ஏஎச் மிச்சமானது.

இதே வகையில் இன்னொரு பொறி, கேஸ், 12 வோல்ட், வீட்டுக் கரண்ட் என்று மூன்றிலும் ஓடுகிற பழைய பாணி ஃபிரிட்ஜ். வண்டி ஓடும்போது 12 வோல்ட்டில் போட்டுவிட்டு, நிறுத்திய பிறகு கேஸுக்கு மாற்ற மறந்தால் தொலைந்தது. அதன் ஹீட்டர் 10 முதல் 15 ஆம்பியர் விடாமல் இழுக்கும். சாயங்காலம் மறந்தால் காலையில் பேட்டரி காலி.

ஏசியை இந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை, காரணம் இருக்கிறது. கூரை ஏசி ஓடும்போது 1300, 1500 வாட் கேட்கும். இரவு எட்டு மணி நேரத்தில் பாதி நேரம் கம்ப்ரசர் ஓடினாலும் 5 யூனிட்டுக்கு மேல். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 500 ஏஎச் வரை போகும். ஏசி இல்லாமல் தூங்க முடியாது என்பவருக்கு இனி வருகிற ஒப்பீடு பாதிதான் பயன்படும். அவர் ஜெனரேட்டர் பகுதிக்கு நேராகப் போகலாம், அல்லது பிளக் பாயின்ட் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்தலாம்.

இந்த எண்களை எப்படி அறிவது? வோல்ட் மீட்டரை நம்பி ஏமாந்தவன் நான். ஈயப் பேட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.1 என்றால் பாதி. ஆனால் "ஓய்வில்" என்பதில்தான் சிக்கல். பம்ப் ஓடினால் எண் விழும். பேனலில் வெயில் பட்டால் எழும். இரண்டும் உண்மையல்ல. லித்தியத்தில் இன்னும் மோசம்: 90 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை இறங்கினாலும் வோல்ட் 13.3-க்கும் 13.0-க்கும் நடுவிலேயே நிற்கும். அதனால் ஷன்ட் வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்றை மாட்டுங்கள். மைனஸ் ஒயரின் வழியில் உட்காருகிற சின்ன உலோகப் பட்டை அது. உள்ளே போவது, வெளியே வருவது எல்லாவற்றையும் எண்ணி மிச்சம் எவ்வளவு என்று சொல்லும். இந்தப் பட்டியலில் முதலில் வாங்க வேண்டியது எது என்று கேட்டால், பேட்டரிக்கும் பேனலுக்கும் முன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஈயமா, லித்தியமா

ஈய அமிலப் பேட்டரி 1859-இல் காஸ்டன் பிளாண்டே உருவாக்கியது. இத்தனை காலம் அது நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: வாங்கும்போது செலவு குறைவு, எந்தச் சார்ஜரோடும் ஒத்துப்போகும், குளிரிலும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். வண்டியை வருடத்துக்கு நாலைந்து இரவுதான் வெளியே எடுப்பீர்கள் என்றால் அதுவே போதும். மேலே படிக்கக்கூட வேண்டாம்.

அதிகம் தங்குகிறவருக்குத்தான் அதன் குணம் தெரியவரும். 100 ஏஎச் என்று எழுதியிருந்தாலும் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் மளமளவென்று குறையும். ஆகவே கைக்கு வருவது 50. அந்த 100-கூட 20 மணி நேரத்தில் மெதுவாக, 5 ஆம்பியராக இழுத்தால் கிடைக்கிற கணக்கு. வேகமாக இழுத்தால் கிடைப்பது குறையும் என்பதை 1897-லேயே பொய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் சூத்திரமாகவே எழுதிவிட்டார். என் பழைய ஜோடியில் மைக்ரோவேவைப் போட்டால், பேட்டரி நிறைய இருந்தாலும் வோல்ட் 11-க்குச் சரிந்து இன்வெர்ட்டர் கூவத் தொடங்கும்.

இன்னும் பெரிய தொல்லை சார்ஜ் ஏறுவதில். ஈயப் பேட்டரி 80 சதவீதம் வரை விறுவிறுவென்று வாங்கிக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் இழுத்தடிக்கும். அந்தக் கடைசிப் பகுதியை நிரப்பாமலே நாள்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். காட்டில் மூன்று நாள் பாதியும் முக்காலுமாக ஓட்டுவது அதற்கு ஆகாத வாழ்க்கை. என்னுடையவை இரண்டே பருவத்தில் கெட்டதற்கு அதுதான் காரணம்.

ஈயத்துக்குள்ளேயே தேர்ந்தெடுக்க வேண்டுமானால் கோல்ஃப் வண்டிகளில் வரும் 6 வோல்ட் பேட்டரி இரண்டை சீரியஸில் இணைப்பது என் விருப்பம். தகடு தடிமனாக இருக்கும், ஆழமாக இறக்கினாலும் தாங்கும், ஜோடியாக 220 ஏஎச் அளவுக்குக் கிடைக்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும், ஹைட்ரஜன் வெளியேற காற்றோட்டமான பெட்டி வேண்டும். அமிலம் ஒழுகாதபடி மூடிய ஈயப் பேட்டரியான ஏஜிஎம் வகைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, சாய்த்தும் வைக்கலாம். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கிறோம். பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, மெதுவாகத்தான் நிரம்பும் என்ற இரண்டு குறையும் அதிலும் அப்படியே இருப்பதால், ஏஜிஎம்முக்கு மேலே போகிற காசைச் சேர்த்து லித்தியத்துக்கே போகலாம் என்பேன்.

கேரவனுக்கு லித்தியம் என்று சொல்வது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை, சுருக்கமாக எல்எஃப்பி. போனில் இருக்கிற லித்தியத்தைவிட வெப்பத்தில் நிதானமானது. 100 ஏஎச்சில் 80, 90 தாராளமாக எடுக்கலாம். எடை 12 கிலோ அளவுதான். அதே அளவு ஏஜிஎம் 30 கிலோ. ஈயம் பாதிவரை இறக்கி ஏற்றினால் சில நூறு சுற்று (ஒருமுறை இறக்கி ஏற்றுவது ஒரு சுற்று) வரும் என்றால், இதற்குத் தயாரிப்பாளர்கள் 2000 முதல் 5000 சுற்று வரை சொல்கிறார்கள். ஏற்றுகிற கரண்ட்டைக் கடைசிவரை ஒரே வேகத்தில் வாங்கிக்கொள்ளும். முழுக்க நிரப்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மற்றவர்கள் எடையையும் ஆயுளையும் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வாங்கிக்கொள்ளும் வேகம்தான். ஏன் என்பது ஜெனரேட்டர் பகுதியில் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. 0 டிகிரிக்குக் கீழே எல்எஃப்பியைச் சார்ஜ் செய்யக்கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். நல்ல பேட்டரிக்குள் இருக்கிற பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட் சார்ஜைத் தானே துண்டிக்கும். அதாவது, உறைபனி விழுந்த காலையில் பளீரென்று வெயில் அடித்தாலும் பேனலிலிருந்து ஒரு ஆம்பியர்கூட உள்ளே போகாது. பேட்டரியை வண்டிக்குள் கதகதப்பான இடத்தில் வைக்கலாம், அல்லது ஹீட்டர் பட்டை உள்ளேயே வைத்த வகையை வாங்கலாம். குளிர் ஈயத்தையும் விட்டுவைக்காது என்பதையும் சொல்ல வேண்டும்: உறைநிலையில் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், முழுக்க இறங்கிய பேட்டரி உறைந்து ஓடு வெடிக்கவும் கூடும்.

இன்னொன்று, லித்தியம் தனியாக வராது. வீட்டுக் கரண்ட்டிலிருந்து பேட்டரியை ஏற்ற வண்டியோடு வந்த பழைய கன்வெர்ட்டர் 13.6 வோல்ட்டில் நின்றுவிடும் வகை என்றால், 14.2 முதல் 14.6 வரை எதிர்பார்க்கிற எல்எஃப்பி மெதுவாகத்தான் ஏறும், முழுதாக நிரம்புமா என்பதும் சந்தேகம். கன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டியிருக்கும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு மாதம் அப்படித்தான் இருந்தேன்.

கூரை வெயில்

சோலாரைப் பற்றி ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கூரையில் படுக்கையாக ஒட்டிய 100 வாட் பேனல், நல்ல கோடை நாளில் 25 முதல் 30 ஏஎச் தரும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போகும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. என் 76 ஏஎச்சைச் சூரியனே ஈடுகட்ட வேண்டுமென்றால் 300 வாட் வேண்டும். அதுவும் மேகமில்லாத நாளில்.

பேனலின் எதிரி மேகம்கூட இல்லை, நிழல். செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் ஒரு கிளையின் நிழல் நாலு செல் மேல் விழுந்தால் நாலு செல்லின் அளவு மட்டும் குறையாது. மூன்றில் ஒரு பங்கோ பாதியோ போய்விடும். இங்கேதான் மனசு இரண்டாகும். வண்டிக்குள் குளுமையாக இருக்க மரத்தடி வேண்டும். கூரைப் பேனலுக்கு வெட்டவெளி வேண்டும். வெட்டவெளியில் நிறுத்தினால் வண்டி சூடாகி ஃபிரிட்ஜும் ஃபேனும் கூடுதலாக ஓடும். பேனலே சூடேறினாலும் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் விளைச்சல் 0.4 சதவீத அளவில் குறையும்.

இதற்காகத்தான் மடக்குப் பேனல். வண்டி நிழலில், பேனல் பத்து மீட்டர் தள்ளி வெயிலில். சூரியனை நோக்கிச் சாய்க்கலாம் என்பதால் காலையிலும் மாலையிலும் படுக்கைப் பேனலைவிட நன்றாக உழைக்கும். ஆனால் நாளுக்கு மூன்று முறை எழுந்து போய்த் திருப்ப வேண்டும், காற்று தள்ளிவிடாமல் கட்ட வேண்டும், வெளியே கிளம்பினால் எடுத்து உள்ளே வைக்க வேண்டும். சோம்பேறிகளுக்குக் கூரைப் பேனல்தான். நான் பாதிச் சோம்பேறி என்பதால் இரண்டும் வைத்திருக்கிறேன். ஒயர் மெல்லியதாக இருந்தால் அந்தப் பத்து மீட்டரிலேயே வோல்ட் கரைந்துவிடும். பேனலின் கரண்ட்டைப் பேட்டரிக்கு அளவாக விடுகிற சார்ஜ் கன்ட்ரோலரைப் பேனலின் முதுகில் விடாமல் பேட்டரி பக்கத்தில் வைப்பது நல்லது. கன்ட்ரோலரில் பிடபிள்யூஎம், எம்பிபிடி என்று இரண்டு வகை. ஒரே ஒரு சின்னப் பேனல் என்றால் எளிய வகையான முதலாவது போதும், அதற்கு மேல் என்றால் பேனலிலிருந்து முடிந்த அளவு கறந்தெடுக்கிற எம்பிபிடி. குளிரான, வெளிச்சமான நாளில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இன்ஜின் தருவது

யாரும் அதிகம் பேசாத வழி இது. வண்டி ஓடும்போது இன்ஜினிலிருந்து பேட்டரியை ஏற்றுகிற டிசி-டிசி சார்ஜர் 30 ஆம்பியரில் ஒன்றை மாட்டினால், இரண்டரை மணி நேர ஓட்டத்தில் 75 ஏஎச் ஏறிவிடும். என்னுடைய ஒரு நாள் செலவு! இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாறுகிறவருக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. மழையா, பனியா, நிழலா என்ற கவலை இல்லை. எப்படியும் ஓட்டத்தான் போகிறோம்.

சார்ஜர் இல்லாமல் லித்தியத்தை நேராக, இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரோடு இணைக்கிறேன் என்று கிளம்பக் கூடாது. எல்எஃப்பியின் உள்தடை மிகக் குறைவு. ஆல்டர்னேட்டர் தரக்கூடியது அத்தனையையும் உறிஞ்சி அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடலாம். டிசி-டிசி சார்ஜர் நடுவில் நின்று அளவோடு விடும், வோல்ட்டையும் சரிசெய்யும். இழுத்துச் செல்லும் டிரெய்லர் வகைக் கேரவன் என்றால், இழுவை வண்டியிலிருந்து வருகிற வழக்கமான பிளக் ஒயரை நம்ப வேண்டாம். அத்தனை நீள மெல்லிய ஒயரில் வந்து சேர்வது சில ஆம்பியர்தான். தனியாகத் தடித்த ஒயர் இழுக்க வேண்டும்.

நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுச் சார்ஜ் செய்வது பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு ஒருமுறை சரி. பழக்கமாக வேண்டாம்; எரிபொருள் வீண், சும்மா ஓடும் இன்ஜினில் ஆல்டர்னேட்டர் தருவதும் குறைவு, காற்றுப் படாமல் சூடாவதும் அதிகம்.

ஜெனரேட்டர்

சத்தம் எனக்குப் பிடிக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் வந்து பக்கத்து வண்டியின் ஜெனரேட்டரைக் கேட்டுக்கொண்டு உட்காருவதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். அப்படியிருந்தும் அதை ஒதுக்க முடியவில்லை. ஒரு வாரம் மேகம் மூடினால், குளிர்காலத்தில் ஹீட்டர் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால், ஏசி கட்டாயம் வேண்டுமென்றால், வேறு வழி இல்லை.

கையில் தூக்குகிற 2000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் 20 கிலோ சுற்றுவட்டத்தில் இருக்கும். குறைந்த சுமையில் ஒரு தொட்டி பெட்ரோலில் எட்டு மணி நேரம்வரை ஓடுகிறவை உண்டு. அதிலேயே 12 வோல்ட் சாக்கெட் இருக்கிறதே என்று பேட்டரியை அதில் மாட்டுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். அது பெரும்பாலும் 8 ஆம்பியர்தான் தரும். நாள் முழுக்க ஓட்ட வேண்டும். வீட்டுக் கரண்ட் சாக்கெட்டில் வண்டியைச் செருகி, வண்டியின் சார்ஜர் வழியாக ஏற்ற வேண்டும்.

இங்கேதான் பேட்டரி வகை வந்து குறுக்கிடும். 60 ஆம்பியர் சார்ஜரும் எல்எஃப்பியும் இருந்தால் என் 76 ஏஎச் ஒன்றேகால் மணி நேரத்தில் ஏறிவிடும். காலையில் பாத்திரம் கழுவுகிற நேரம்தான். ஈயத்தில் அதே சார்ஜர் முதல் ஒரு மணி நேரம் ஓடியதும் வேகத்தைக் குறைத்துவிடும். மீதிக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஜெனரேட்டர் சும்மா உறுமும். ஈயம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. காலையில் ஒரு மணி நேரம் ஜெனரேட்டர் போட்டு 80 சதவீதம் வரை ஏற்றிவிட்டு அணைத்துவிடுங்கள். கடைசி 20 சதவீதத்துக்குத் தேவையானது கொஞ்சம் கரண்ட்டும் நிறைய நேரமும். அது இரண்டும் ஒரு சின்னப் பேனலிடம் உண்டு. மத்தியான வெயில் அந்த வேலையை முடித்துவிடும். மாற்றிச் செய்து, பகல் முழுக்க வெயிலில் விட்டு இரவு ஜெனரேட்டர் போட்டால் இரண்டும் வீண். அதோடு, பல முகாம்களில் இரவில் ஜெனரேட்டர் ஓட்டத் தடை உண்டு.

மலைமேல் போனால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அதன் திறன் 3 சதவீதத்துக்கு மேல் குறையும். ஏசியைக் கீழே கிளப்பிய ஜெனரேட்டர் மேலே திணறலாம். புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் கொல்லக்கூடியது. ஜன்னலுக்கும் கூரை ஃபேனுக்கும் அருகே வைக்கவே கூடாது, வண்டிக்குள் அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு பயணத்திலும் பார்க்க வேண்டும்.

பவர் ஸ்டேஷன்

கைப்பிடி வைத்த பெட்டி. உள்ளே லித்தியம், இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர் எல்லாம் ஒன்றாக. வாடகைக் கேரவனில் போகிறவர், வண்டியின் ஒயரில் கைவைக்க விரும்பாதவர், ஊர் திரும்பியதும் வீட்டில் கரண்ட் போகும்போது பயன்படுத்த நினைப்பவர், இவர்களுக்கு நல்லது. 1000 வாட்-மணிப் பெட்டி என்றால் 80 ஏஎச் பேட்டரிக்குச் சமம். ஆனால் வண்டியின் பம்புக்கும் ஹீட்டர் ஃபேனுக்கும் அது தானாகக் கரண்ட் கொடுக்காது. அதன் 12 வோல்ட் சாக்கெட் பலவற்றில் 10 ஆம்பியரோடு நின்றுவிடும். உள்ளே ஏதாவது ஒன்று கெட்டால் முழுப் பெட்டியும் ரிப்பேருக்குப் போகும். சொந்த வண்டி இருந்து, அதில் பேட்டரிக்கு இடமும் இருந்தால் நான் இதை வாங்க மாட்டேன்.

யாருக்கு எது

வாரக் கடைசியில் இரண்டு இரவு, வருடத்துக்கு நாலு தடவை: உள்ள ஈயப் பேட்டரியையே வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரை அணையுங்கள், மஞ்சள் பல்பு மிச்சம் இருந்தால் எல்இடிக்கு மாற்றுங்கள். போதாவிட்டால் ஒரு 100 வாட் மடக்குப் பேனல். அத்தோடு சரியாகிவிடும்.

இரண்டு நாளுக்கொருமுறை இடம் மாறுகிறவர் சோலாரைத் தள்ளிப்போட்டு டிசி-டிசி சார்ஜரில் தொடங்கலாம். ஒரே இடத்தில் வாரக்கணக்கில், அதுவும் கோடையில் உட்காருகிறவருக்கு முதலில் பேனல், அப்புறம் எல்எஃப்பி. குளிர்காலத்தில் உட்காருகிறவருக்கு எல்எஃப்பியும் வேகமான சார்ஜரும் சின்ன ஜெனரேட்டரும். பேனலை அந்தப் பருவத்தில் உபரி வருமானமாகத்தான் பார்க்க வேண்டும். லேப்டாப்பும் சாட்டிலைட் இணையமும் வைத்து வேலை பார்க்கிறவர் முதலில் அந்த ஆன்டெனாவைக் கணக்கில் எழுதட்டும்: 50 வாட் இழுக்கிற ஒன்று 24 மணி நேரம் ஓடினால் 100 ஏஎச். வேலை முடிந்ததும் அணைத்தால் பாதிக்குமேல் மிஞ்சும்.

எந்த வழியானாலும் பழைய பேட்டரியோடு புதியதை இணைக்காதீர்கள். பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். 2000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் தடித்த கேபிளும், பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸும் கட்டாயம்.

என் வண்டியில் இப்போது இரண்டு ஈயப் பேட்டரிக்குப் பதில் ஒரே ஒரு 100 ஏஎச் எல்எஃப்பிதான் இருக்கிறது. கூரையில் 200 வாட், மடக்கில் 100 வாட், 30 ஆம்பியர் டிசி-டிசி. ஷன்ட் காலையில் 55 சதவீதத்தை ஒட்டிக் காட்டும். வெயில் இருந்தால் சாயங்காலம் நூறைத் தொடும். மேகம் ஒரு நாள் மூடினால் ஃபேனைக் குறைத்து, லேப்டாப்பை மூடிவைத்துச் சமாளிப்பேன். இரண்டாம் நாளும் மூடினால் வண்டியைக் கிளப்பி வேறு இடம் பார்க்கப் போவோம். போய்ச் சேர்வதற்குள் பேட்டரி ஏறியிருக்கும்.